நிப்பியை எடுத்தது யார்

ஜனவரி 9

அன்புள்ள வானிலைக்காரிக்கு,

தபால் படகு நாளை மறுநாள் உன் தீவுக்குக் கிளம்புகிறது. அதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, லென்ஸ் தேய்க்கும் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் எங்காவது ஈரம் பட்டிருந்தால் கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே, இயந்திரத்துத் தண்ணீர்.

வாண்டு நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சலவைக்கடை அக்காவின் பூனையைத் துரத்துகிறாள். ஒரு ஆச்சரியம், அவள் என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். காலையில் கண் திறந்ததும் "தடை, தடை" என்கிறாள், கடைக்குப் போக வேண்டுமாம். மாடியில் அக்காவோடு விட்டால் அழுகிறாள். கீழே வந்ததும் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் ஏறி வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். நாள் முழுக்க அங்கேதான். வருகிறவர்கள் எல்லாரும், "புது டாக்டரம்மாவா?" என்று கேட்கிறார்கள்.

எழுத வந்த விஷயம் வேறு. நேற்று பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முன்பல் மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரவே இல்லை. வாயை மூடினால் நடுவே என் சுண்டுவிரல் நுழைகிற அளவு இடைவெளி.

"என்ன வயசு?"

"ரெண்டே முக்கால்."

"இன்னும் ரப்பர் நிப்பிள் வெச்சிருக்காளா?"

நான் தலையாட்டினேன். என் வாயில்தான் அது இருப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். "மூணு வயசுக்குள்ள நிறுத்திட்டா பல்லு தானா சேர்ந்துரும். இழுத்தடிச்சீங்கன்னா அப்புறம் கஷ்டம். பேச்சும் தெளியாது."

பேச்சு தெளியாததைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேனே. நம் வீட்டுச் சோற்றுக்கு வழியான கண்ணாடி அவளுக்கு இன்னும் 'தண்ணாடி'தான்.

நீ போவதற்கு முன், "இந்த மாசத்தோட நிப்பியை நிறுத்திடறேன்" என்று மூன்று தரம் சொன்னாய். குறையாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்துகிறேன். இப்போது நான் என்ன செய்யட்டும்? எழுது.

— கண்ணாடிக்காரன்


ஜனவரி 20

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மழைமானிக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். உள்ளே போனால் வானிலை நிலையத் தலைவரும் வயர்லெஸ்காரரும் இருப்பார்கள். மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒருத்தி முகம் மாறினால் மற்ற இரண்டு பேருக்கும் அன்றைக்கு அதுதான் செய்தி. போன வாரம் வயர்லெஸ்ஸில் இரண்டு நிமிடம் கொடுத்தார்களே, பக்கத்தில் இருவர் நிற்கும்போது "சாப்பிட்டீங்களா" என்பதைத் தவிர வேறென்ன கேட்க முடியும்?

மூன்று தரம் சொன்னேன் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். சரி.

தயவு செய்து இப்போது நிப்பியை நிறுத்த வேண்டாம். நான் ஜூனில் வந்துவிடுவேன். வந்ததும் நானே பார்த்துக்கொள்கிறேன். வீட்டை விட்டு நான் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இதையும் பிடுங்கினால் அவளுக்கு என்னதான் மிச்சம்?

டாக்டர் சொன்னது மனசை உறுத்துகிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். முதலில் தெருவில் வேண்டாம். அப்புறம் கடையில் வேண்டாம். மத்தியானத் தூக்கத்துக்கும் படுக்கப் போகும்போதும் மட்டும். கேட்டால் திட்டாதீர்கள், வேறு ஏதாவது கையில் கொடுங்கள். அவளுக்கு ஈரத்துணியால் எதையாவது துடைக்கப் பிடிக்கும். உங்கள் கடையில் துடைப்பதற்கா பஞ்சம்?

இங்கே காற்று ஓய்வதே இல்லை. காலையில் காற்றை அளக்கும் பலூனை விடும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விட்டதும் கை காலியாகிவிடுகிறது. அடுத்த அளவு எடுக்கிற வரைக்கும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் உங்களோடு ஒட்டிக்கொண்டது சந்தோஷம். கொஞ்சம் பொறாமையும்கூட.

— உங்கள் வானிலைக்காரி


பிப்ரவரி 8

அன்புள்ள வானிலைக்காரிக்கு,

நல்ல செய்தி. நிப்பி போய்விட்டது.

நீ சொன்னபடியேதான் ஆரம்பித்தேன். தெருவில் நிறுத்தியது எளிதாக இருந்தது. "தெருவில போனா தூசி ஒட்டும்" என்றேன், ஒப்புக்கொண்டாள். கடையில்தான் சிக்கல். ஃபிரேம் வைக்கும் இழுப்பறையில் ஒளித்தால் ஸ்டூல் போட்டு எடுத்துவிடுகிறாள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், கண்ணாடி மாற்ற வந்தவர், "இவ்வளவு பெரிய பொண்ணு வாயில இது என்ன அசிங்கம்?" என்றார். வாண்டு அதை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். அவருக்கும் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நான்கே நாள். முழுசாக விட்டுவிட்டாள். முதல் நாள் மத்தியானம் தூங்கவில்லை. இரண்டாம் நாள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். இப்போது கேட்பதே இல்லை. சலவைக்கடை அக்காவுக்கே நம்ப முடியவில்லை. "என் மவனுக்கு ஒன்றரை மாசம் ஆச்சு தம்பி, நீ என்ன மந்திரம் போட்ட?" என்கிறார்.

எப்படி விட்டாள் என்பதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். கடிதத்தில் எழுத நீளம்.

அளவு பலகை வைத்துப் பார்த்தேன், நீ போனதிலிருந்து ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறாள்.

— கண்ணாடிக்காரன்


பிப்ரவரி 19

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன். வெப்பநிலையை இரண்டு தடவை தப்பாக எழுதினேன். தலைவர், "உடம்பு சரியில்லையா?" என்றார்.

காத்திருங்கள் என்று கேட்டேன். நீங்கள் காத்திருக்கவில்லை. ஆனால் அவள் நான்கு நாளில் விட்டுவிட்டாள் என்றால் நான்தான் இத்தனை மாதம் வீணாகப் பயந்திருக்கிறேன். அப்படியும் இருக்கலாம். என்னால் முடியாதது உங்களால் முடிந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டால் அழுகிவிடும்.

ஆனால் ஒன்று. வழக்கமாகக் கண்ணாடிக்கு ஒரு மூக்குத்தாங்கி மாற்றினதைக்கூட ஒரு பக்கம் எழுதுகிறவர், இதை மட்டும் நேரில் சொல்கிறேன் என்கிறீர்கள். என்ன நடந்தது?

பதிலை எழுத வேண்டாம், நேரிலேயே சொல்லலாம். பணிக்காலத்தில் பாதி முடிந்ததால் எங்களுக்கு உடல் பரிசோதனை உண்டு. மார்ச் இரண்டாம் தேதி காலைப் படகில் வந்து, மாலையில் அதே படகில் திரும்ப வேண்டும். பரிசோதனை போக மூன்று மணி நேரம் கிடைக்கும். துறைமுகத்துக் காத்திருப்பு அறைக்கு வாண்டைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடையை மூடிவிட்டு வாருங்கள். பசிக்கும், அவளுக்கு ஏதாவது கொண்டு வாருங்கள். எனக்கு எதுவும் வேண்டாம்.

— உங்கள் வானிலைக்காரி


மார்ச் 11

அன்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனாலும் நான் பார்த்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் பெரும்பாலும் படகு நேரம் எழுதியிருந்த பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவள் போட்டிருந்த மஞ்சள் கோட்டு நான் வாங்கியதில்லை. முன்முடியை நீங்களே வெட்டியிருக்கிறீர்கள், ஒரு பக்கம் ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று நினைத்து நான் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். அவள் உங்கள் காலுக்குப் பின்னால் போனாள். பரவாயில்லை, மூன்றரை மாதம், குழந்தை மறந்துதான் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் மரத்துப்போகிற வரை அப்படியே இருந்தேன்.

அப்புறம் வந்தாள். என்னிடம் இல்லை, என் பைக்கு. ஜிப்பைத் திறந்து சீப்பை எடுத்துக் கீழே போட்டாள். தொப்பி, காகிதங்கள், கையுறை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். பிறகு என் கோட்டுப் பைகளில் கை விட்டாள். வலது பக்கம், இடது பக்கம், உள் பை. இனிப்பு தேடுகிறாள் என்று நினைத்துப் பிஸ்கட்டைக் கொடுத்தேன், தட்டிவிட்டாள். கடைசியில் என் மடியில் ஏறினாள். அந்த ஒரு நொடிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். அவள் என் உதட்டுக்குள் இரண்டு விரலை விட்டு, "தாட்டு" என்றாள். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். நாக்குக்கு அடியில் பார்த்தாள். இறங்கிப் போய் உங்களிடம், "இல்ல" என்றாள்.

நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு ஏதோ தட்டியது.

படகு ஊதியபோது கிட்டே போனேன். "தெட்ட அம்மா" என்றாள். மெதுவாக, கோபமே இல்லாமல், ஒரு சாமானுக்குப் பேர் சொல்வதுபோல் சொன்னாள்.

அவளிடம் என்ன சொல்லி நிப்பியை வாங்கினீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.


மார்ச் 20

கேட்டதை எழுதுகிறேன்.

நான்கு நாள் என்று எழுதினேனே, அதன் முதல் நாள். சலவைக்கடை அக்கா ஒரு யோசனை சொன்னார். "நுனியை லேசா கத்தரிச்சுடு தம்பி. காத்துப் போயிடும், உறிஞ்சினா ஒண்ணும் தெரியாது. அதுவே சப்புனு ஆகித் துப்பிடும்." காலையில் அவள் எழுவதற்கு முன் வீட்டிலிருந்த மூன்று நிப்பியின் நுனியையும் கத்தரித்தேன். நல்லதுதான் செய்கிறோம் என்ற நினைப்பு.

கடையில் ஒரு அம்மாவுக்குக் கண்ணாடியின் கால் உடைந்து, அதைப் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாண்டு ஒன்றை வாயில் வைத்தாள், எடுத்தாள், பார்த்தாள். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி வந்து, வாடிக்கையாளர்கள் உடைந்த கண்ணாடியை வைக்கும் தட்டில் அதை வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் நிற்பதுபோலவே.

"அப்பா, ஒடஞ்சு போச்சு. ஒட்டு."

"இது ஒட்டாதுடா."

"தண்ணாடி ஒட்டினியே."

அந்த அம்மா சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னேன், "சாயங்காலம் வா." அவள் நம்பிப் போய்விட்டாள். மூன்றையும் குப்பையில் போட்டேன். சாயங்காலம் வந்தாள். சரியாக விளக்குப் போடும் நேரத்துக்கு வந்து, தட்டைப் பார்த்தாள்.

"எங்க?"

நான்தான் வெட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறொன்று வந்துவிட்டது. "அம்மா எடுத்துட்டுப் போயிட்டா."

"அம்மாவா?"

"ஆமா."

"ஏன்?"

"அவளுக்கு வேணுமாம்."

அவ்வளவுதான். அவள் அழவில்லை. அதுதான் அந்த மந்திரம். அழுது கேட்க ஆள் இங்கே இல்லை என்று ஆகிவிட்டதே.

களைப்பு, கடை, தனியாள் என்று காரணம் எழுதலாம். எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். உண்மை என்னவென்றால், உன்மேல் எனக்குக் கோபம். "போ, பதவி உயர்வு முக்கியம்தான், நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனசோடு சொன்னவன் நான்தான். நீ போன முதல் வாரத்திலேயே அந்த மனசு சுருங்கிவிட்டது. அதனால்தான் அந்தப் பொய் யோசிக்காமலே நாக்கில் வந்தது. அடுத்த மூன்று நாளும் அவள் என் காலரைப் பிடித்துக்கொண்டு தூங்கியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

துறைமுகத்தில் அவள் உன் பையைத் திறந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே வாக்கியத்தில் சரிசெய்திருக்கலாம். மூன்று மணி நேரம் இருந்தது. உன் எதிரில் பொய்யனாக நிற்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தேன். உன்னைக் கெட்ட அம்மாவாகவே படகேற்றி அனுப்பினேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. அது சுலபமாக இருக்கிறது.


ஏப்ரல் 9

போன படகில் உன் கடிதம் இல்லை. தபால்காரரிடம் பையை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். "இருந்தா குடுக்கமாட்டேனாய்யா?" என்றார். நீ எழுதாததில் தப்பில்லை. நான் எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது.

வாண்டிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. அவளை வேலை மேஜைமேல் உட்காரவைத்து, அந்தக் கத்தரிக்கோலை எடுத்து எதிரில் வைத்தேன். "நிப்பியை அம்மா எடுக்கல. அப்பாதான் இதால வெட்டினேன். அப்புறம் குப்பையில போட்டுட்டேன். அம்மா எடுத்தான்னு சொன்னது பொய்."

கத்தரிக்கோலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா வாயில இல்ல," என்றாள்.

"இல்ல."

"அப்பா வெட்டினியா?"

"ஆமாடா."

"ஏன்?"

பல்லைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியில் அவள் பல்லைக் காட்டினேன். அவள் பல்லைப் பார்க்கவே இல்லை. மேஜையிலிருந்து தானாக இறங்கத் தெரியாது, ஆனாலும் என் கையைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் காலை வைத்து இறங்கினாள். இரண்டு நாள் என்னிடம் வரவில்லை. சோறு ஊட்ட அக்காதான் வேண்டும், செருப்புப் போட அக்காதான் வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து வேறு மாதிரி. கடைக்கு யார் வந்தாலும் நாற்காலியிலிருந்தே அறிவிக்கிறாள், "அப்பா என் நிப்பியை வெட்டிட்டாரு." தபால்காரர், வாத்தியார், அளவெடுக்க வந்த சின்னப் பையன் என்று ஒருவரையும் விடவில்லை. வாத்தியார் என்னைப் பார்த்து, "என்னப்பா, உன் மேல புகார் வந்திருக்கு?" என்றார். "உண்மைதான் சார்" என்றேன்.

உன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. 'தெட்ட அம்மா' என்று சொல்வதில்லை. அதை மட்டும் உனக்குத் தெரிவிக்க விரும்பினேன்.


ஏப்ரல் 20

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். இரண்டாவதில் அதைவிட மோசம், மரியாதையாக எழுதியிருந்தேன். மூன்றாவதில் பாதி எழுதும்போது கை நின்றுவிட்டது. ஏன் என்று சொல்ல இத்தனை நாள் ஆயிற்று.

அவளுக்கு இன்று மூன்று வயது முடிகிறது. காலையில் பலூன் விடும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் மறைத்தால் எப்போதுதான் சொல்வேன்?

நான் கிளம்பிய காலை, நீங்கள் வண்டி பிடிக்கக் கீழே போனீர்கள். மாடியில் நானும் அவளும்தான். பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்து முகம் கோணியது. அழ ஆரம்பித்தால் என்னால் படியிறங்க முடியாது என்று தெரியும். பையிலிருந்த புது நிப்பியை எடுத்து அவள் வாயில் வைத்தேன். அது வாயில் இருந்தால் அவளால் அழ முடியாது. முகத்தைப் பார்க்காமல், "அம்மா கடைக்குப் போயிட்டு உடனே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வண்டியில் ஏறும்போது நீங்கள், "என்ன, அழுதாளா?" என்று கேட்டீர்கள். "இல்ல, கை ஆட்டினா" என்றேன். கை ஆட்டவில்லை. நான் திரும்பியே பார்க்கவில்லை.

அந்த மாதத்தோடு நிறுத்துகிறேன் என்று மூன்று தரம் சொன்னேனே. நிறுத்தாமல் விட்டது மறதியால் இல்லை. கிளம்பும் நாளுக்கு அது எனக்கு வேண்டியிருந்தது. அது அம்மாவுக்கு வேணுமாம் என்று நீங்கள் அவளிடம் சொன்ன பொய்யில் அவ்வளவு பொய் இல்லை.

இன்னொன்று. அதை எழுதத்தான் பயமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் "தடை, தடை" என்கிறாள், வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள் என்று ஜனவரியில் எழுதினீர்கள். உங்களோடு ஒட்டிக்கொண்டதாக நினைத்தீர்கள், நானும் அப்படித்தான் படித்தேன். கடை என்றால் அவளுக்கு உங்களுடையதுதான். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே உட்கார்ந்தால் வந்துவிடுவாள். அவள் ஐந்து மாதமாக அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் கோபப்பட நிற்கும் இடம்தான் கொஞ்சம் ஆடுகிறது.


ஏப்ரல் 30

அன்புள்ள வானிலைக்காரிக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். அவள் நாற்காலியில் இருந்தாள். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கும் திசையில் நானும் பார்த்தேன். வாசல், எதிரே மூடிக் கிடக்கும் கிடங்கு, போகிற வருகிற கால்கள்.

"யாரைப் பாக்கற?" என்று கேட்டேன். ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"அம்மா தடைக்கு வருவா," என்றாள்.

சொன்னேன். அம்மா இந்தக் கடையில் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை. தீவில் இருக்கிறாள், காற்றையும் மழையையும் அளக்கிறாள், வெயில் காலம் முடிவதற்குள் வருவாள். அம்மா அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்றேன். உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால் இதில் இன்னொரு பொய்யை ஒட்டவைக்க எனக்குத் தெம்பில்லை.

"இந்தத் தடை இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் காலை கடைக்கு வர மாட்டேன் என்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. மாடியிலேயே அக்காவோடும் பூனையோடும் இருந்துகொண்டாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நான் ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, வேலையைத் தொடங்கினேன். சோதனை நாற்காலி காலியாக இருந்தது. கண் பார்க்க வந்த ஒருவர் அதில் உட்காரப் போனார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டேன். எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, அப்புறம் உட்காரச் சொன்னேன்.

என்னிடம் ஆசையாக வருகிறாள் என்று உனக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன். அதைப் படித்து நீ பொறாமைப்பட்டாய். இரண்டு பேரும் இல்லாத ஒன்றுக்காக.

உன் மேல் கோபம் வந்தது. வந்து, கொஞ்ச நேரம் இருந்து, போய்விட்டது. நீ அவளிடம் அதைச் சொன்னபோது நான் கீழே நின்று, வண்டிக்காரரிடம் நேரமாகிவிட்டது என்று சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன். மாடிக்கு வந்து உன் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

அவளுக்குப் பிறந்தநாளன்று அக்கா ஒரு தொப்பி கொடுத்தார். கழற்ற மாட்டேன் என்கிறாள்.

— கண்ணாடிக்காரன்


ஜூன் 9

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

பதினைந்தாம் தேதிப் படகில் வருகிறேன். துறைமுகத்துக்கு வாண்டைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். நானே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். "அம்மா வர்றா, ஓடிப் போய்க் கட்டிக்கோ" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வந்தால் வரட்டும். வராவிட்டால் நான் அங்கேயே இருப்பேன், எனக்கு வேறு வேலை இல்லை.

வந்தபிறகு ஒரு மாதம் கழித்து, புதிதாக வருபவருக்குப் பொறுப்பை ஒப்படைக்க நான் மறுபடி பன்னிரண்டு நாள் தீவுக்குப் போக வேண்டியிருக்கும். ஆணை வந்திருக்கிறது. இதை இப்போதே உங்களிடம் சொல்கிறேன். அவளிடம் நானே சொல்வேன்.

— உங்கள் வானிலைக்காரி


ஜூலை 18

அன்புள்ள வானிலைக்காரிக்கு,

நீ போய் மூன்று நாள்தான் ஆகிறது. நாளை படகு இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது பன்னிரண்டு நாளில் பாதி கழிந்திருக்கும்.

பல் டாக்டரிடம் போனோம். இடைவெளியில் இப்போது ஒரு பென்சில்தான் நுழைகிறது. "தானா மூடிக்கும்" என்கிறார். வெளியே வந்ததும் அவள் பலகையைப் பார்த்து, "கண்ணாடிக் கடை இல்ல, பல்லு கடை" என்றாள். 'க' வந்துவிட்டது. ஒரு பக்கம் சந்தோஷமாகவும், 'தண்ணாடி' போய்விட்டதே என்றும் இருந்தது.

நீ அங்கிருந்து கேட்க நினைப்பதை எழுதுகிறேன், நீ படியிறங்கிய பிறகு என்ன நடந்தது என்பதை.

நீ படியில் உட்கார்ந்து அவளிடம், "அம்மா தீவுக்குப் போறேன். கடைக்கு இல்ல. பன்னெண்டு நாள் தூங்கி எழுந்தா வந்துடுவேன்" என்று சொன்னபோது அவள் உன் பைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கதவைப் பார்த்தேன். வழக்கம்போல. வண்டி நகர்ந்ததும் அவள் ஆரம்பித்தாள். அப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை. தொண்டை கிழிகிற மாதிரி, உடம்பு முழுக்க, படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். சலவைக்கடை அக்கா கையில் பொம்மையோடு ஓடி வந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். எதையும் கையில் கொடுக்கவில்லை, எதையும் வாயில் வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் என்னை அடித்தாள். அப்புறம் என்மேல் சாய்ந்தாள். கடை திறக்காததால் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

முக்கால் மணி நேரம். பிறகு மூக்கை என் சட்டையில் துடைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்றாள். "எத்தன நாள்?" என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். பசிக்கிறது என்றாள்.

நவம்பரில் அழ வேண்டியதை ஜூலையில்தான் அழ விட்டிருக்கிறோம். இடையில் இருந்த எட்டு மாதத்தை அவளுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முடியாது என்றுதான் நினைக்கிறேன். அவள் இப்போதும் காலையில் எழுந்ததும் உன் அலமாரிக் கதவைத் திறந்து, உன் துணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்க வருகிறாள். இந்தப் பழக்கம் போக நாளாகும். போகாமலும் இருக்கலாம்.

வண்டி திரும்பும்போது நீ கண்ணாடி வழியாக என்னையும் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாய். இந்தத் தடவையும் சொல்லவில்லை, போன தடவையும் சொல்லவில்லை. போன தடவை கோபம், இந்தத் தடவை குழந்தை என் கையில். இரண்டுமே சாக்குதான். இப்போது நீ போய்ச் சேர்ந்து, பலூன் விட்டு, மழைமானி பார்த்துக்கொண்டிருப்பாய். நேரம் கடந்த பிறகு சொல்வது அசட்டுத்தனம்தான். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பத்திரமா போயிட்டு வா.

— கண்ணாடிக்காரன்